செப்பேடு கூறும் செய்தி

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வாரச் சந்தைகள் பல உண்டு. யான் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபொழுது அத்தகைய சந்தை ஒன்றில் கண்ட நிகழ்ச்சி இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று உழவர் ஒருவருடைய பெண் குழந்தை காணாமற் போயிற்று. தாய் கதறினாள், மக்கள் கூடினர். சந்தையின் ஓரத்தில் வேற்றுமொழி பேசும் வணிகர் ஒருவர் போர்வைகளை விரித்து விற்றுக்கொண்டிருந்தார். “அவன்தான் பிள்ளையைக் கவர்ந்திருப்பான்” என்று எவரோ ஒருவர் கூறினார். கூறியவர் யார் என்பது பின்னர் ஒருவர்க்கும் தெரியவில்லை. ஆயினும் அச்சொல் நொடிப்பொழுதில் சந்தை முழுதும் பரவிற்று. பெரியோர் சினந்து எழுந்தனர், சிறுவர் கல்லெடுத்தனர். என் கையிலும் ஒரு கல் இருந்தது.

அவ்வேளையில் நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி எழுந்து கூட்டத்தின் நடுவே வந்தாள். “கண்ணால் கண்டவங்க ஆருங்க? முன்னாலே வந்து சொல்லுங்க” என்று வினவினாள். ஒருவரும் முன்வரவில்லை. சற்று நேரத்தில், மாட்டு வண்டியில் பரப்பியிருந்த வைக்கோலின்மேல் அக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டெடுத்தனர். கூட்டம் கலைந்தது. வணிகர் நடுங்கும் கைகளால் தம் போர்வைகளை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அவரிடம் பொறுத்தருளுமாறு கேட்டவர் எவரும் இலர், யானும் கேட்டிலேன். அவர் அச்சந்தைக்கு மீண்டும் வரவே இல்லை.

மாணவர்களே, அயலார் என்னும் ஒரே காரணத்தால் ஒருவர்மீது பழி சுமத்துதல் எத்துணை எளிது என்பதை அன்று அறிந்தேன். அந்த வணிகர் ஒரு நாழிகைப் பொழுது பட்ட துன்பத்தை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நாடுதோறும் பட்டுவந்த மக்கள் கூட்டம் ஒன்று உலகில் உண்டு. அவர்களே யூதர். அவர்களுடைய வாழ்வையும் வழக்கங்களையும், அவர்கள்பால் பிறர் கொண்ட வெறுப்பின் வரலாற்றையும், அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் கடமையையும் இப்பாடத்தில் காண்போம்.

யூதரின் பழம்பதி எருசலேம். அங்கே அவர்தம் திருக்கோயில் விளங்கிற்று. கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமப் படை அந்நகரை வென்று கோயிலை அழித்தது. அதற்கு முன்னரே பல நாடுகளில் பரவியிருந்த யூதர், அதன் பின்னர் மேலும் சிதறினர். நிலம் இழந்தனர், கோயில் இழந்தனர். ஆயினும் நூலை இழக்கவில்லை. ‘தோரா’ எனப்படும் ஐந்து ஆகமங்களே அவர்களுக்குக் கோயிலும் கோட்டையும் ஆயின. இன்றும் அம்மறையைத் தோற்சுருளில் கையாலேயே எழுதுவர். எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவர். ஓரெழுத்துப் பிழைபடினும், அதைத் திருத்தும் வரையில் அச்சுருளைக் கொண்டு தொழுகையில் ஓதமாட்டார். ஏட்டுச் சுவடிகளைக் கரையானிடமிருந்து காத்துப் படியெடுத்துத் தந்த நம் முன்னோரை நினைந்தால், இந்நூற்பற்றின் அருமை நமக்கு எளிதில் விளங்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருத்தல் அவர்தம் பெருநெறி. வெள்ளிக்கிழமை கதிரவன் மறையும் முன்னர் இல்லத் தலைவி விளக்கேற்றுவாள். அப்பொழுது தொடங்கிச் சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றும் வரை தொழில் செய்யார். கொங்கணக் கடற்கரையில் நெடுங்காலம் வாழ்ந்த யூதர் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தனர். சனிக்கிழமையில் அவர்தம் செக்கு ஓடாமையின், மராத்தியர் அவர்களைச் ‘சனிவார எண்ணெயாளர்’ எனும் பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

அவர்தம் விழாக்களுள் ‘பாஸ்கா’ சிறந்தது. எகிப்து நாட்டில் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற நாளை அது நினைவூட்டும். அன்றிரவு புளிப்பில்லாத அப்பத்தை உண்பர். அவ்விருந்தில், வீட்டிலுள்ள இளங்குழந்தை எழுந்து, “இவ்விரவு ஏனைய இரவுகளினின்றும் வேறுபட்டிருப்பது ஏன்?” எனும் கருத்தமைந்த வினாக்களைக் கேட்கும், பெரியோர் விடை கூறும் முகத்தான் வரலாற்றை எடுத்துரைப்பர். ஐயம் வினவுதல் நல்மாணாக்கர் இலக்கணம் என நம் இலக்கண நூலார் கூறியதையே அவர்கள் விழாவாகக் கொண்டாடுகின்றனர் எனலாம். கார்த்திகை விளக்கீட்டை ஒத்த விளக்கு விழாவும் அவர்களுக்கு உண்டு. அது எட்டு நாள் நடைபெறும். ஆண்டில் ஒரு நாள் உணவு ஒழித்து நோன்பிருந்து இறைவனிடம் பிழைபொறுக்க வேண்டுவர். ஆனால், மனிதர்க்கு இழைத்த தீங்கை அம்மனிதரிடமே சென்று முறையிட்டுத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு. சந்தையில் யாங்கள் செய்யத் தவறியது இதுவே அன்றோ?

இனி, யூதர்க்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். பழந்தமிழகத்தின் மேலைக் கடற்கரையில் முசிறி என்னும் துறைமுகம் சிறந்து விளங்கிற்று. மிளகு நாடி அங்கே மேலை நாட்டுக் கலங்கள் வந்தன. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கி வந்த பெருவழி கொங்கு நாட்டினூடே சென்றது. காவிரியின் வடபால் நாமக்கல் நாடும், தென்பால் கருவூரும் உள்ளன. அக்கருவூரிலும் கொங்கு நாட்டின் வேறு பல இடங்களிலும் கிடைத்துள்ள உரோம நாணயங்கள் அவ்வாணிகத்திற்குச் சான்று பகர்கின்றன. எபிரேய மொழி மறையில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் ‘துக்கி’ என்னும் சொல், தமிழின் ‘தோகை’ என்பதன் திரிபே என்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர்.

எருசலேம் அழிந்தபின் தம் முன்னோர் கடல் கடந்து முசிறிக் கரையை அடைந்தனர் என்பது கொச்சி யூதரின் மரபுவழிச் செய்தி. மரபுச் செய்தி ஒருபுறம் இருக்க, அசைக்க இயலாத சான்று ஒன்றும் உளது. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யூத வணிகர் தலைவர் ஒருவர்க்குச் செப்பேடு வழங்கினான். அத்தலைவர் பெயர் யோசேப்பு ரப்பான். செப்பேட்டில் அப்பெயர் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’ என நம் நாவிற்கு இசைய எழுதப்பட்டுள்ளது. எழுத்து, வட்டெழுத்து, மொழி, தமிழினின்றும் மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவின் தலைமையும், எழுபத்திரண்டு உரிமைகளும் அவர்க்கு அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் முதலியன அவற்றுள் அடங்கும். திருக்குறளில் ‘உல்கு’ என்று வழங்கும் சுங்கமும், துலைக்கூலி எனும் எடைக்கட்டணமும் அவர்க்கு நீக்கப்பட்டன.

பாவாடை என்பது பெருமக்கள் நடந்துவரத் தரையில் விரிக்கும் ஆடை. பகல்விளக்கு என்பது பகலிலும் முன்னே விளக்கேந்திச் செல்லும் சிறப்பு. இவை பொருளால் வரும் உரிமைகள் அல்ல. மதிப்பால் வரும் உரிமைகள். கடல் கடந்து வந்தவர், வேறு தெய்வ நெறியினர், வேறு மொழியினர் ஆகிய ஒருவர்க்கு நாட்டுத் தலைவர்க்குரிய மதிப்பை ஓர் அரசன் செப்பில் பொறித்துக் கொடுத்தான். வேணாடு, ஏறநாடு முதலியவற்றின் தலைவர்கள் அதற்குச் சான்றாளராயினர். அச்செப்பேடுகள் இன்றும் கொச்சியில் காக்கப்பட்டு வருகின்றன.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் யூதர் தம் தொழுகைக்கூடத்தைக் கட்டினர். அரசன் தன் அரண்மனையை அடுத்தே அதற்கு இடம் அளித்தான். மலையாள நாட்டார் அதனைப் ‘பள்ளி’ என்றே அழைப்பர். நம் மொழியிலும் சமண முனிவர் உறைவிடம் பள்ளி. இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல். நீங்கள் பயிலுமிடம் பள்ளிக்கூடம். அதன் தரையில் 1762-ஆம் ஆண்டில் பதிக்கப்பெற்ற, கையால் நீலவண்ணம் தீட்டிய சீனத்து ஓடுகள் உள்ளன. 1805-இல் திருவிதாங்கூர் அரசர் மறைச்சுருளுக்குச் சூட்டப் பொன்முடி ஒன்று வழங்கினார். 1760-இல் எழுந்த மணிக்கூண்டின் முகங்களில் ஒன்றில் எபிரேய எண்களும், ஒன்றில் மலையாள எண்களும், ஒன்றில் உரோம எண்களும் பொறிக்கப்பட்டன. அங்குச் செல்வோர் நம் கோயிலிற் போலவே காலணி கழற்றி உட்புகுவர். யூத மகளிர் மலையாளத்தில் பாடல்கள் பாடிக் குறிப்பேடுகளில் எழுதிப் போற்றினர்.

சென்னையிலும் பதினேழாம் நூற்றாண்டில் யூத வணிகர் வாழ்ந்தனர். மேலை நாட்டுப் பவளத்தைக் கொணர்ந்து விற்று, கோல்கொண்டா வைரத்தைக் கொண்டு சென்றனர். அவர்தம் வாணிகத்தை நினைவூட்டும் பவளக்காரத் தெரு இன்றும் அந்நகரில் உள்ளது.

எனினும் நம் நாட்டு மண்ணில் யூதர்க்குத் துன்பமே நேரவில்லை என்றல் வாய்மை ஆகாது. போர்த்துகீசியர் கோவாவில் 1560-ஆம் ஆண்டில் சமய விசாரணை மன்றத்தை நிறுவினர். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் அரிய நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா யூதக் குடியில் தோன்றியவர். அவர் 1568-இல் இறந்தார். மறுஆண்டில் அவர்தம் தங்கையை, மறைவாக யூத நெறியைப் பின்பற்றினாள் எனக் கூறி எரித்துக் கொன்றனர். 1580-இல் அம்மருத்துவரின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர். கொச்சித் தொழுகைக்கூடமும் 1662-இல் போர்த்துகீசியரால் எரியூட்டப்பட்டுப் பின்னரே சீர்செய்யப்பட்டது.

இவ்வெறுப்பு எங்ஙனம் தோன்றிற்று? ஐரோப்பாவின் பல நாடுகளில் யூதர் நிலம் வைத்திருக்கத் தடை இருந்தது. கைத்தொழிற் சங்கங்களில் அவர்க்கு இடமில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்தல் கிறித்தவர்க்கு விலக்கப்பட்டிருந்தமையின், அத்தொழில் யூதருக்கு எஞ்சிற்று. வேறு வாயில்களை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரு வாயிலில் நின்றவர்களைப் ‘பேராசையர்’ எனத் தூற்றினர். 1348-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபொழுது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் வதந்தி எழுந்தது. யூதரும் அந்நோயால் மடிந்தனர் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பல ஊர்களில் அவர்களை எரித்தனர். 1290-இல் இங்கிலாந்தும், 1492-இல் ஸ்பெயினும் யூதரை நாட்டினின்றும் துரத்தின.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொடுமை உச்சநிலை எய்திற்று. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டே யூதர் கடைகளில் பொருள் வாங்கலாகாது என மறியல் செய்தனர். 1935-இல் சட்டம் இயற்றி அவர்தம் குடியுரிமையைப் பறித்தனர். 1938 நவம்பரில் தொழுகைக்கூடங்களை எரித்தனர். பின்னர்ப் போர்க்காலத்தில் முகாம்களில் அடைத்தும், சுட்டும், நச்சுக்காற்றைச் செலுத்தியும் 60 லட்சம் யூதரைக் கொன்றனர். அவருள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். முதலில் பழிச்சொல், அடுத்துச் சட்டம், முடிவில் கொலை என்னும் வரிசையைக் குறித்துக்கொள்க. பழிச்சொல்லைக் கேட்டு அயலார் வாளாவிருந்தமையின், அடுத்த படிகள் எளிதாயின. ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் விடுவிக்கப்பட்ட சனவரி 27-ஆம் நாளை நினைவுநாளாக ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் அறிவித்தது.

இந்தியாவில் நிகழ்ந்த வேறொரு செய்தியையும் அறிதல் நலம். கொங்கு நாட்டில் நம் பாட்டன்மார் காலத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் ஊர்களைப் பாழாக்கிற்று; கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரிலேயே கோயில் உண்டு. அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டவர் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் யூத அறிஞர். அவர் 1897-இல் பம்பாயில் அம்மருந்தைத் தம் உடலிலேயே முதலில் செலுத்தி ஆய்ந்தார். 1902-இல் பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில் ஊசி போட்டுக்கொண்டவருள் 19 பேர் இசிவுநோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பதவி இழந்தார். இறந்த அனைவர்க்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டது என்பதும், அக்குப்பியைத் திறந்தபொழுது தரையில் விழுந்த கருவி ஒன்றைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தினர் என்பதும் பின்னர்த் தெளிவாயின. மருந்தில் குறையில்லை என அறிஞர் பலர் வாதிட்டனர். 1907-இல் அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. அவர் யூதர் என்பதே பழியை அத்துணை விரைவில் ஒட்டச் செய்தது எனக் கருதியோரும் உளர். பம்பாய் ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.

துன்புற்ற மக்களும் பிறரைத் தாழ்த்தும் பிழையினின்றும் தப்பவில்லை என்பதைக் கொச்சி வரலாறே காட்டும். மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தில் யூதருள் ஒரு சாரார், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழியினர் எனக் கூறப்பட்டு, உள்ளே சம இருக்கை பெறாது ஒதுக்கப்பட்டனர். அவ்வகுப்பில் 1882-இல் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் என்பவர் காந்தியடிகள் வழியில் அங்கே சத்தியாகிரகம் செய்து, அவ்வேற்றுமை தளர வழி கண்டார். ‘யூத காந்தி’ என மக்கள் அவரைப் போற்றினர். அவர் பெயரைக் கேட்டதும் நம் சேலம் நகரோடு அவரை உறவாக்க உங்கள் மனம் விரையும். எபிரேய மொழியில் சாலேம், ஷாலோம் என்னும் சொற்கள் முழுமை, அமைதி என்னும் பொருள் தருவன. நம் ஊர்ப்பெயரோ ‘சைலம்’ எனும் மலைப்பெயரின் திரிபு என்பாரும், ‘சேரலம்’ என்பதன் திரிபு என்பாரும் உளர். ஒலி ஒன்றாயிருத்தல் கொண்டே உறவு கூறுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. அதுபோலவே, ஒருவன் செய்த குற்றம் கொண்டு அவன் குலத்தையே குற்றவாளியாக்குதல் நீதி ஆகாது.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். இங்கு யாரும் அவர்களைத் துரத்தவில்லை; தம் மறைமொழி வழங்கும் நாட்டை நாடிச் சென்றனர். இன்று கொச்சியில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 2019-இல் மறைந்த முதிய யூத அம்மையார் ஒருவரை, அவர்தம் இறுதிக் காலத்தில் இசுலாமிய நண்பர் ஒருவர் தாயைப் போல் பேணி, அவருடைய தையற்கடையையும் நடத்திவந்தார். ஆயினும் வெறுப்பு நம் கரைக்கும் வந்தது. 2008 நவம்பரில் மும்பையில் புகுந்த கொலைஞர் நாரிமன் இல்லம் என்னும் யூதர் விடுதியில் அறுவரைக் கொன்றனர். ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை, அங்கிருந்த இந்தியச் செவிலி தன் உயிரைப் பொருட்படுத்தாது தூக்கிக்கொண்டு வெளியேறிக் காத்தாள்.

மாணவர்களே, இவற்றை அறிந்த நாம் செய்யத்தக்கன யாவை? கடிந்து பேசும் ஆசிரியரை ‘ஹிட்லர்’ என விளையாட்டாக அழைப்பதுண்டு. 15 லட்சம் குழந்தைகளைக் கொன்ற ஆட்சியின் தலைவர் பெயர் அது என்பதை அறிந்தவர் அதனை விளையாட்டிற்கு எடார். யூதர் அனைவரும் இன்னார் எனக் கூறும் செய்தி கைப்பேசியில் வந்தால், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன், “கண்டவர் யார்? சான்று யாது?” என வினவுங்கள். ஓர் அரசின் செயலைக் குறைகூறுதல் எவர்க்கும் உரியது. இஸ்ரேல் அரசையும் அங்ஙனமே ஆராய்ந்து கூறலாம். ஆனால், அதனை ஏதுவாகக் கொண்டு எங்கோ வாழும் யூதரைப் பழித்தல் தவறு. இதே அளவுகோலை எச்சமயத்தார்க்கும், எக்குலத்தார்க்கும் கொள்ளுங்கள். யூதருக்கு ஒரு நீதியும், நம் தெருவில் புதிதாய் வந்து குடியேறும் வடநாட்டுத் தொழிலாளிக்கு வேறொரு நீதியும் இல்லை. உங்கள் வகுப்பில் எவரேனும் ஒருவர் பிறப்பால் இகழப்பட்டால், அவர் அருகில் சென்று அமருங்கள்; ஆசிரியரிடம் கூறுங்கள்.

அயலார் ஒருவர்க்குப் பகல்விளக்கும் பாவாடையும் தந்த அரசன் செப்பேடு எழுதினான். நாம் செப்பேடு எழுத வேண்டுவதில்லை. கூட்டம் ஒருவரைச் சூழ்ந்து கல்லெடுக்கும் வேளையில், கடலை விற்ற அந்த மூதாட்டி கேட்ட ஒரு வினாவைக் கேட்டால் போதும். அவள் கேட்ட பின்னரே என் கையிலிருந்த கல் கீழே விழுந்தது.